பொட்டு வைத்த உலை

மே இருபதாம் தேதி காலை அந்தப் பார்சல் வந்தது. அரிசிச் சாக்கில் சுற்றி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஷைலா அதைத் தன் மேசைமேல் வைத்து அறுத்துப் பிரித்தாள். உள்ளே அவளுடைய கம்பெனி செய்த வால்வு ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது. உப்பும் பழைய டீசலும் கலந்த வாடை அறையை விட்டுப் போக நேரமாயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில், அரசூரைத் தாண்டி இருக்கிறது அந்தக் கம்பெனி. விசைப்படகுகளுக்கு வால்வு செய்கிறார்கள். படகின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பொருத்துகிற வால்வு. இன்ஜினைக் குளிரவைக்கும் கடல் தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். வார்ப்பை வெளியே ஒரு பவுண்டரியில் வாங்கி, கடைந்து, பொருத்தி, சோதித்து அனுப்புவது கம்பெனியின் வேலை. வருகிற வார்ப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஷைலாவின் வேலை. ஒன்பது வருடமாகப் போடுகிறாள்.

பார்சலை அனுப்பியவர் தம்பிதுரை. நாகப்பட்டினத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். அந்தக் கரை முழுக்க இவர்களுடைய வால்வை விற்பவரும் அவர்தான். முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்.

"ஸ்பானரால லேசா ஒரு தட்டுத்தான் மேடம் தட்டுனேன். ரஸ்க்கு மாதிரி கையோட வந்துருச்சு. தடைக்காலம், லாஞ்சு கரையில கெடந்துச்சு, பொழச்சோம். இதே உள்ளார போயி ஒடஞ்சிருந்தா, மீன் புடிக்கப் போனவனுங்கள மீனு புடிச்சிருக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஷைலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

உடைந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நல்ல உலோகம் வெளிர் மஞ்சளாக இருக்கும். இது செம்பு நிறத்தில், பஞ்சு போலத் துளை துளையாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. நிக்கல் அலுமினிய வெண்கலத்தை வார்த்து முடித்ததும் அறுநூற்று எழுபத்தைந்து டிகிரியில் ஆறு மணி நேரம் உலைக்குள் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் கடல் அதை ஒன்றும் செய்யாது. வைக்காவிட்டால் கடல் தண்ணீர் அதிலுள்ள அலுமினியத்தைத் தேடித் தேடித் தின்றுவிடும். அளவு குறையாது, வடிவம் மாறாது, மேலே பூசிய பெயின்ட் கூட உரியாது. உள்ளே வலு மட்டும் இருக்காது.

வால்வின் கழுத்தில் ஹீட் நம்பர் இருந்தது. ஒரே உருக்கில் வார்த்தவை எல்லாவற்றுக்கும் ஒரே எண். கம்ப்யூட்டரில் தேடினாள். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம், அக்டோபரில் வந்தவை. மொத்தம் எழுபத்திரண்டு. நான்கு ஸ்டோரில் இருந்தன. மற்ற அறுபத்தெட்டும் தம்பிதுரை வழியாகப் போய், சென்ற வருடத் தடைக்காலத்தில் காசிமேடு முதல் ராமேஸ்வரம் வரை படகுகளில் ஏறியிருந்தன. ஒரு வருடம் கடலில் கிடந்திருக்கின்றன.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பதினான்காம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அறுபத்தேழு வால்வுகளைக் கழற்ற வேண்டும். அவள் மேசை நாட்காட்டியில் பதினான்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் சபரீஷ் அவளைவிட மூன்று வயது சின்னவர். நிதானமானவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்து உடனே புரிந்துகொண்டார். பவுண்டரிக்கு ஒரு படிவம் போக வேண்டும். குறை என்ன, காரணம் என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று எட்டுப் பகுதிகள் கொண்ட படிவம். பதில் தர முப்பது நாள் அவகாசம். ஷைலா கணக்குப் பார்த்துவிட்டு அது ஜூன் பத்தொன்பது ஆகிவிடும் என்றாள். இப்போதே எல்லாப் படகுக்காரர்களுக்கும் வால்வைக் கழற்றச் சொல்லிச் செய்தி அனுப்பலாமே என்று கேட்டாள். சபரீஷ் யோசித்தார். ஒரு வால்வு உடைந்திருக்கிறது. படகுக்காரன் எதையாவது கொண்டு அடித்திருக்கலாம், படகில் மின்சாரம் கசிந்து அரித்திருக்கலாம். காரணம் தெரியாமல் கடற்கரை முழுக்க அறிவிப்புக் கொடுக்கத் தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளாது.

"காரணத்தக் கொண்டு வாங்க ஷைலா. காகிதத்துல கொண்டு வாங்க. அன்னிக்கே அனுப்பறேன்" என்றார்.

அவள் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் பழைய கோப்பைத் தேடி எடுத்துவிட்டாள். பவுண்டரியின் உலை ஒரு நடைக்கு முப்பத்தாறு வால்வுகளைத்தான் கொள்ளும். அதனால் எழுபத்திரண்டையும் இரண்டு நடையாக ஓட்டியிருந்தார்கள். நடைக்கு ஒரு சார்ட். உலையோடு சேர்ந்த ஒரு பெட்டியில் வட்டமான காகிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். பேனா முள் வெப்பநிலையைக் கோடாக வரையும். இரண்டு சார்ட்டிலும் கோடு அறுநூற்று எழுபத்தைந்தில் ஏறி, ஆறு மணி நேரம் நின்று, இறங்கியிருந்தது. இரண்டின் மூலையிலும் அவளுடைய கையெழுத்து.

முதல் சார்ட்டில் மூன்றாம் மணியில் கோடு ஒரு சின்னப் பல் போலக் கீழே இறங்கி ஏறியது. கரண்ட் போய் வந்திருக்கிறது. இரண்டாம் சார்ட்டிலும் மூன்றாம் மணியில் அதே பல். ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தாள். இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன.

பவுண்டரி சின்னவேடம்பட்டியில் இருக்கிறது. முதலாளி கோவிந்தராஜுலுவுக்கு அறுபத்தாறு வயது. அப்பா காலத்தில் அன்னூர்ப் பக்கம் பருத்தியும் சோளமும் போட்ட குடும்பம்; கிணறு வற்றியபோது நிலத்தில் பாதியை விற்று உலை வைத்தார்கள். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். கடந்த பத்து வருடமாக அவருடைய வார்ப்பில் முக்கால் பங்கு ஷைலாவின் கம்பெனிக்குத்தான் போகிறது. இந்த வால்வை வார்க்க அனுமதி பெற்ற பவுண்டரி அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஷைலா போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க. காப்பி சொல்லட்டுங்களா?"

அவள் காபி வேண்டாமென்று சொல்லி, சார்ட் இரண்டையும் அவர் மேசையில் சேர்த்து வைத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தேதியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது தேதியைப் பார்த்தபோதுதான்.

"இது ஆயுத பூஜை அன்னிக்குங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்களும்தான் வந்திருந்தீங்களே அம்மணி."

வந்திருந்தாள். வருடா வருடம் பவுண்டரியில் கூப்பிடுவார்கள். அவள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை புலியகுளம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பெட்டி, எல்லோரும் குளித்துப் புதுச்சட்டை போட்டு நிற்கிற காட்சி, இவைதாம் அவளுக்கு அந்த நாள்.

கோவிந்தராஜுலு தேவானந்தத்தைக் கூப்பிட்டனுப்பினார். வார்ப்புகளைச் சூடுபடுத்தும் அந்த உலையை இருபத்தாறு வருடமாக ஓட்டுபவர் தேவானந்தம். மெலிந்த ஆள். உக்கடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. சார்ட்டைக் காட்டியதும் அவர் எதையும் மறுக்கவில்லை. நின்றபடியே, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். முழுவதும் தெரியவர அரை மணி நேரமாயிற்று.

ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்த எந்திரத்தை யாரும் ஓட்டுவதில்லை. மறுநாள் விஜயதசமி காலை நல்ல நேரம் பார்த்துத்தான் மறுபடி கை வைப்பார்கள். ஆனால் பாதியில் இருக்கும் உலையை அணைக்க முடியாது. அதனால் தேவானந்தத்தின் உலைக்கு மட்டும் பூஜை கிடையாது என்பது அங்கே பழகிப்போன ஏற்பாடு. மற்ற எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அவர் கிறிஸ்தவர், அவருக்கு ஒன்றுமில்லை, அவர் பாட்டுக்கு ஓட்டுவார். யாராவது ஒரு தட்டில் பொரியும் கடலையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். உலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தின்பார். இருபத்தைந்து வருடம் அப்படித்தான் நடந்தது.

அந்த வருடம் செப்டம்பரில் உலைக்கதவின் சங்கிலி அறுந்து அவர் கைமேல் விழுந்தது. விரல் நுனிகள் போயின. மோல்டிங்கில் வேலை செய்பவர்களும் லேத்தில் இருப்பவர்களும் கூடிப் பேசி முதலாளியிடம் வந்தார்கள். ஊரில் இருக்கிற எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைக்கிறோம், அந்த ஒரு உலையைத்தான் விட்டுவிட்டோம், அது தேவானந்தண்ணன் கையை வாங்கிவிட்டது, இந்த வருடம் அதற்கும் வைக்க வேண்டும் என்றார்கள். கோவிந்தராஜுலுவுக்கும் மனதில் அதே எண்ணம் இருந்தது.

"இருபத்தஞ்சு வருசமா ஊட்டுல ஒரு பையனுக்கு மட்டும் சோறு போடாத மாதிரி இருந்துச்சுங்க அம்மணி" என்றார் அவர். "உள்ளாற சரக்கு இருந்தது எனக்குத் தெரியாதுங்க. சாமி சத்தியமாத் தெரியாது."

உள்ளே சரக்கு இருந்தது தேவானந்தத்துக்குத் தெரியும். அன்று மதியம் ஒன்றரைக்கு உலை சூடு பிடித்திருந்தது. ஏழரை வரை ஓட வேண்டும். நான்கு மணிக்கு மாலையும் தட்டுமாக எல்லோரும் வந்துவிட்டார்கள். ஷைலா அவரிடம், ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டாள்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குன்னு செய்யறாங்க மேடம். வாழக்கன்னு கட்டிப்போட்டாங்க, பூவெல்லாம் வாங்கிப்போட்டாங்க. அறுபது பேரு நிக்கிறாங்க. என்ற கைக்காகச் செய்யறாங்க. வேண்டாமுன்னு எப்படிங்க சொல்றது?"

அணைத்துவிட்டார். பூஜை முடிந்ததும் மறுபடி போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். பொட்டு வைத்தபின் சுவிட்சைத் தொட யாரும் விடவில்லை. நாளைக்குத்தான் அண்ணா, இன்றைக்கு அதுவும் லீவு போடட்டும் என்று சிரித்து அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். மறுநாள் காலை அந்த முப்பத்தாறையும் திரும்ப ஆறு மணி நேரம் ஓட்டிவிடலாம் என்று ஏழு மணிக்கே வந்தார். எட்டரைக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது, வண்டி ஒன்பது மணிக்கு வருகிறது, எழுபத்திரண்டையும் ஏற்றிவிடுங்கள், அசெம்பிளி நிற்கிறது என்று.

அந்தப் போனைச் செய்தது யார் என்று ஷைலா கேட்கவில்லை. அந்த மாதம் வண்டிகளுக்கெல்லாம் அவள்தான் போன் செய்துகொண்டிருந்தாள்.

பார்க்க வெளியே எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பூஜைக்கு முந்தின நாள் ஓட்டிய முதல் நடையின் சார்ட்டை தேவானந்தமே ஆபீசில் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து, தேதியை மட்டும் மாற்றினார். இரண்டரை மணி நேரம் ஓடியிருக்கிறதே, கொஞ்சமாவது ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டாராம். அதற்குப் பிறகு எத்தனையோ இரவு அதை நினைத்ததாகவும், நாளாக நாளாக நினைப்பது குறைந்துவிட்டதாகவும் சொன்னார்.

காரில் ஏறியதும் ஷைலா போனில் பழைய படங்களைத் தேடினாள். இருந்தது. உலைக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கதவில் சந்தனத்தால் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். சார்ட் பெட்டியின் கண்ணாடிமேல்கூட ஒரு பொட்டு. எண்கள் ஒளிர வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. உலையின் முன்னால் கட்டுப்போட்ட கையோடு தேவானந்தம் வெட்கப்பட்டுச் சிரித்தார். பக்கத்தில் பொரித்தட்டோடு அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். மாலை நான்கு நாற்பத்திரண்டு. அன்று அதை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு அடி பின்னால், மூடிய கதவுக்குள், அந்த முப்பத்தாறு வால்வுகளும் ஆறிக்கொண்டிருந்தன.

படத்தோடும் சார்ட்டோடும் தேவானந்தம் எழுதிக் கொடுத்த தாளோடும் அவள் சபரீஷிடம் போனாள். ஸ்டோரில் இருந்த நான்கையும் அறுத்து லேபில் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு வாரம் ஆயிற்று. நான்கில் இரண்டு சரி, இரண்டு சரியில்லை. ஹீட் நம்பர் நான்கிலும் ஒன்றுதான். உலை நடைக்குத் தனி எண் போடும் வழக்கமே கிடையாது. கம்பெனி அதைக் கேட்டதும் கிடையாது. கடலோரத்தில் இருக்கும் அறுபத்தேழில் முப்பத்துமூன்று கெட்டவை. எந்த முப்பத்துமூன்று என்று கழற்றி அறுத்தால்தான் தெரியும். அறுத்தால் நல்லதும் போய்விடும்.

சபரீஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஜூன் மூன்றாம் தேதி அறிவிப்புப் போனது. ஆனால் தலைமை அலுவலகம் வழியாகப் போனது. ஷைலா எழுதியது ஐந்து வரி: இந்த எண் உள்ள வால்வுகளை உடனே கழற்றுங்கள், கழற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள். திரும்பி வந்தது ஒன்றரைப் பக்கம். அதில் 'உடனே' இல்லை. 'அடுத்து வசதிப்படும் சமயத்தில் பரிசோதித்துக்கொள்ளவும்' என்று இருந்தது. படகுக்காரனுக்கு வசதிப்படும் சமயம் அடுத்த தடைக்காலம். அவள் சபரீஷிடம் அதைச் சொன்னபோது, தெரியும் என்றார். படத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை என்றும் சொன்னார். அதில் அவள் நிற்கிறாள்.

அதே நாள், அதே கோப்பிலிருந்து, பவுண்டரிக்கும் ஒரு கடிதம் போனது. அனுமதி ரத்து. அங்கிருந்து இனி ஒரு வார்ப்பும் வாங்கக்கூடாது. படிவத்தில் 'பொறுப்பானவர்மீது எடுத்த நடவடிக்கை' என்ற இடத்தில் கோவிந்தராஜுலு, தேவானந்தம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று எழுதி அனுப்பினார். கம்பெனியிலிருந்து அப்படி எழுதச் சொல்லியிருந்தார்கள்.

ஷைலா தம்பிதுரையைத் தானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். முப்பத்துமூன்று என்ற எண்ணைச் சொன்னாள். அவர் படகு படகாகப் போய்ச் சொன்னார்; தூரத்திலிருந்தவர்களுக்குப் போன் போட்டார். ஒன்பது பேர் கழற்றினார்கள். மற்றவர்களிடமிருந்து வந்த பதில்களை அவர் தினமும் அவளுக்குச் சொன்னார். பெயின்ட் அடித்துத் தண்ணீரில் இறக்கியாகிவிட்டது, வால்வைக் கழற்ற மறுபடி கரையேற்ற வேண்டும், கரையில் இடமில்லை. ஐஸுக்குச் சொல்லியாகிவிட்டது. என் வால்வு நல்ல வால்வு, தட்டிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது.

ஜூன் எட்டாம் தேதி அவர் குரலில் சிரிப்பே இல்லை.

"கழத்துனா அந்த எடத்துல என்னத்த மேடம் வைக்கிறது? ஒம்போது ஓட்டையையும் கட்டையால அடச்சு வெச்சிருக்கேன். புது வால்வு ஒண்ணு குடுங்க, இன்னும் இருவது பேரு கழத்துவான். கையில மாத்து வச்சிக்கிட்டுப் போயி நின்னாத்தான் என் பேச்ச எவனும் கேப்பான்."

ஸ்டோரில் புது வால்வு ஒன்றுகூட இல்லை. இருந்த நான்கையும் அறுத்தாயிற்று. வார்ப்புக்கு இருந்த ஒரே பவுண்டரி ரத்தானவர்கள் பட்டியலில் இருந்தது. புதிதாக ஒரு பவுண்டரிக்கு அனுமதி கொடுக்க நான்கு மாதம் ஆகும். அந்த ரத்துக்குக் காரணமான தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்.

அன்று மாலை கோவிந்தராஜுலுவுக்குப் போன் செய்தாள். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்தார். வார்த்து, இன்னும் உலைக்குப் போகாமல், இருபத்திரண்டு வால்வு பாடி பவுண்டரியில் கிடந்தன. ஆர்டர் ரத்தானதால் அப்படியே நின்றுவிட்டவை.

"ஓட்டித் தாரேனுங்க" என்றார். "நீங்க எடுக்கறீங்களோ இல்லையோ. நீங்களே வந்து உக்காந்து பாருங்க."

பதினொன்றாம் தேதி அவள் லீவு போட்டுவிட்டுப் போனாள். பவுண்டரியில் பாதி ஆட்கள்தான் இருந்தார்கள். மோல்டிங் பக்கம் மண் காய்ந்து கிடந்தது. தேவானந்தம் யூனிபார்ம் இல்லாமல், வெளுத்த சட்டையில் உலையருகே நின்றார். காகிதத்தில் அவர் அங்கே வேலை பார்க்கவில்லை. வேறு யாருக்கும் அந்த உலை ஓட்டத் தெரியாது.

காலை ஒன்பது இருபதுக்குச் சூடு பிடித்தது. ஷைலாவுக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். முதலாளியும் சேர்ந்து மூன்று பேரும் ஆறு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தேவானந்தம் ஒருமுறை எழுந்து பேனா முள்ளை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கோவிந்தராஜுலு வீட்டிலிருந்து சோறு வந்தது, அங்கேயே சாப்பிட்டார்கள். உலைக்கதவின் மேல்மூலையில், துடைக்காமல் விட்ட சந்தனம் கறுத்து ஒட்டியிருந்தது.

"அந்த ஒம்போது பேருக்காச்சும் போகுமுங்களா?" என்று தேவானந்தம் ஒருமுறை கேட்டார்.

போகும் என்று ஷைலா சொன்னாள். மூன்று இருபதுக்கு உலையை அணைத்தார்கள். சார்ட்டில் கோடு எங்கும் பல் விழாமல், ஒரே மட்டத்தில் போய் இறங்கியிருந்தது. ஒன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமான கோட்டை அவள் பார்த்ததில்லை. மூலையில் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாம் தேதி காலை இருபத்திரண்டும் ஒரு சின்ன வேனில் கம்பெனி வாசலுக்கு வந்தன. அன்றே கடைந்து பொருத்தினால் பதின்மூன்று மதியம் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாம். செக்யூரிட்டி பவுண்டரியின் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டார். எடுக்கவில்லை. இன்னொருமுறை போட்டார். ரத்தான பெயர் என்று வந்தது. ஷைலா உள்ளே போய் சபரீஷைக் கூட்டி வந்தாள்.

அவர் வேனுக்குள் ஏறி ஒரு வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தார். சார்ட்டையும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு இறங்கி, அவளை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனார்.

"அதே பவுண்டரி, அதே ஃபர்னஸ். நீக்கியாச்சுன்னு எழுதிக் குடுத்த அதே ஆளு. இத நான் உள்ள எடுத்து, நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா என்னன்னு சொல்றதுங்க?"

"நானே உக்காந்து பாத்தேன் சார். கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் பதில் சொல்றேன்."

சபரீஷ் அவள் முகத்தைப் பார்க்காமல், சார்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"போன தடவையும் உங்க கையெழுத்து இருந்துச்சுங்க ஷைலா."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்பதாகச் சொல்லி, போட்டும் விட்டார். பதின்மூன்றாம் தேதி மாலை வரை பதில் வரவில்லை. வேன் டிரைவருக்கு வேறு வாடகை இருந்தது. இருபத்திரண்டையும் சின்னவேடம்பட்டிக்கே திருப்பிக் கொண்டுபோனார். கோவிந்தராஜுலு போன் செய்து, உலைப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மணி என்றார்.

ஜூன் பதினைந்து காலை ஏழு மணிக்கு ஷைலா தம்பிதுரையைக் கூப்பிட்டாள். பின்னால் காற்றும் லவுட்ஸ்பீக்கர் பாட்டும் கேட்டன. விடியுமுன்னே எல்லாம் போய்விட்டன என்றார். துறைமுகமே காலியாகக் கிடப்பதாகவும், பெண்கள் தேங்காய் உடைத்துக் கும்பிட்டு அனுப்பிய இடத்தில் நாய்கள் திரிவதாகவும் சொன்னார். அவளுடைய எண் உள்ள படகுகள் ஐம்பத்தெட்டு போயிருக்கின்றன. ராமேஸ்வரம் வரைக்கும் விசாரித்துவிட்டார்.

அந்த ஒன்பது பேரைப் பற்றிக் கேட்டாள்.

"கரையில நிக்கிறானுங்க. ஒங்க பேச்சக் கேட்டவன் ஒம்போது பேரு, எம் பட்டற வாசல்லதான் நிக்கிறானுங்க. மொதப் பாடு மீனு போச்சு. என்னத் திட்டித் தீத்துட்டு இப்ப ஒங்க நம்பரக் கேக்குறானுங்க. குடுக்கவா?"

கொடுங்கள் என்றாள்.

மேசைக் கம்ப்யூட்டரில் படிவம் திறந்திருந்தது. எட்டுப் பகுதியும் நிரப்பப்பட்டு, மேலே முடிந்தது என்று பச்சையில் காட்டியது. நாட்காட்டியில் பதினான்கைச் சுற்றிய வட்டம் அப்படியே இருந்தது. போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று தம்பிதுரையிடம் கேட்டாள்.

"அஞ்சு நாளாவும். சில பேரு பத்து நாளு. வர வர எண்ணிச் சொல்றேன் மேடம்."

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஒன்றிலிருந்து ஐம்பத்தெட்டு வரை வரிசையாக எண்களை எழுத ஆரம்பித்தாள்.